தீர்ந்த கடனும் தீராத கடனும்

மனிதன் பிறக்கும்போதே மூன்று கடன்களுடன் பிறக்கிறான் என்பது வேதநெறி. தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன் என்று பெரியோர் அவற்றை வகுத்துள்ளனர். தேவர்களுக்குரிய கடன் வேள்வியாலும் வழிபாட்டாலும் தீரும். முன்னோர்க்குரிய கடன் மக்கட்பேற்றாலும் நீத்தார் வழிபாட்டாலும் தீரும். ரிஷிகளுக்குரிய கடனோ, அவர்கள் அருளிய கல்வியைக் கற்பதாலும், கற்றதைப் பிறருக்குக் கற்பிப்பதாலும் தீரும். இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. கல்வி தந்த முனிவரிடமே சென்று அதைத் திருப்பிக் கொடு என்று சாத்திரம் கூறவில்லை. அடுத்து வருபவனுக்குக் கொடு என்றே கூறுகிறது.

உழைத்துக் கற்பதும் நமக்குப் புதிய செய்தி அன்று. சாந்தீபனி முனிவரின் குருகுலத்தில் கண்ணபிரானும் குசேலரும் காட்டுக்குச் சென்று விறகு சுமந்தனர். கல்வி நிறைவுற்றபின், கடலில் மாண்ட குருபுத்திரனை மீட்டுக் கொணர்ந்து தம் குருதட்சிணையைச் செலுத்தினார் கண்ணபிரான்.

நம் வேதத்தையும் புராணத்தையும் கேட்டறியாத ஒரு தேசத்தில், அடிமைக் குடிசையில் பிறந்த ஒருவர் இந்தத் தருமத்தைத் தம் வாழ்வால் விளக்கிக் காட்டினார். அவர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வித் தந்தையருள் ஒருவரான புக்கர் டி. வாஷிங்டன். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தியடிகள் தமது ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் 1903-ஆம் ஆண்டு இவரைப் போற்றிக் கட்டுரை எழுதினார் என்றால், இவருடைய பெருமை ஒருவாறு விளங்கும். இவர் பட்ட கடன்களையும் அவற்றை அடைத்த விதத்தையும் ஒரு கணக்கேடு போல விரித்துப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

உப்பு உலையிலிருந்து கல்லூரிக்கு

வர்ஜீனியா மாநிலத்துப் பண்ணையொன்றில் 1856-ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். தாம் பிறந்த நாளை அவரே அறியார். அடிமைகளின் பிறந்த நாளை எவர் குறித்து வைத்தனர்? 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தபின், குடும்பம் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே உப்புக் காய்ச்சும் உலையிலும், பிறகு நிலக்கரிச் சுரங்கத்திலும் சிறுவன் புக்கர் வேலை செய்தான்.

ஒருநாள் சுரங்கத்தில் இரு தொழிலாளர் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்தது. வர்ஜீனியாவில் கறுப்பின மாணவர்களுக்கென ஒரு பெரிய பள்ளி இருக்கிறதாம். பணமில்லாதவர் அங்கேயே வேலை செய்து உணவுச் செலவை ஈடுகட்டலாமாம். அதுதான் சாமுவேல் ஆம்ஸ்ட்ராங் என்னும் படைத்தளபதி 1868-இல் நிறுவிய ஹாம்ப்டன் கல்வி நிலையம். அது எங்கே இருக்கிறது, எப்படிப் போவது என்பவை எவையும் தெரியாமலேயே அங்குப் போவது என்று அவன் முடிவு செய்தான்.

இடையில், சுரங்க உரிமையாளரின் மனைவியான திருமதி ரஃப்னர் என்பவரின் வீட்டில் மாதம் 5 டாலர் சம்பளத்துக்கு வேலைக்கமர்ந்தான். அந்த அம்மையார் மிகவும் கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றவர். தூசு இருக்கக் கூடாது, சொன்ன வேலை சொன்ன நேரத்தில் முடிய வேண்டும், பொய் கூடாது. அவரிடம் பலர் நிலைக்கவில்லை, புக்கர் நிலைத்தான். அங்கே கற்ற தூய்மையே தன் எதிர்காலத்தின் கதவைத் திறக்கப் போகிறது என்பதை அவன் அப்போது அறிந்திலன்.

1872-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவன் ஹாம்ப்டனுக்குப் புறப்பட்டான். ஏறத்தாழ 500 மைல் தொலைவு. சம்பாதித்த பணத்தில் பெரும்பகுதி குடும்பச் செலவில் கரைந்திருந்தது. தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அடிமைகளாகவே கழித்த ஊர் முதியோர், தங்களுள் ஒரு பிள்ளை படிக்கப் போகிறது என்பதைக் கண்டு நெகிழ்ந்து, சில்லறைக் காசையும் கைக்குட்டையையும் அவன் கையில் வைத்து வாழ்த்தி அனுப்பினர். அவன் கணக்கேட்டில் ஏறிய முதல் வரவு அதுவே.

வழியில் ஒரு விடுதியில் நிறத்தைக் காட்டி இடம் மறுத்தனர். இரவு முழுதும் நடந்து நடந்தே உடலைச் சூடாக வைத்துக்கொண்டான். ரிச்மண்ட் நகரை அடைந்தபோது கையில் காசு இல்லை. ஹாம்ப்டனுக்கு இன்னும் 82 மைல். தெருவோரத்துப் பலகை நடைபாதையின் அடியில் நுழைந்து, துணிப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தான். மறுநாள் கப்பலொன்றிலிருந்து இரும்புக் கட்டிகளை இறக்கும் வேலை கிடைத்தது. கூலி கிடைத்தபின்னும் அறை எடுக்கவில்லை. காசு மிஞ்ச வேண்டும் என்று பல நாட்கள் அந்த நடைபாதையின் அடியிலேயே உறங்கினான். ஹாம்ப்டன் வாயிலில் அவன் நின்றபோது கையிருப்பு 50 செண்டு, அதாவது அரை டாலர்.

துடைப்பமே நுழைவுத் தேர்வு

குளிக்காமலும் மாற்றுடை இல்லாமலும் வந்து நின்ற அவனைச் சேர்த்துக்கொள்ளத் தலைமை ஆசிரியை மேரி மேக்கி அம்மையார் தயங்கினார். சில மணி நேரம் காத்திருந்தபின், பக்கத்து வகுப்பறையைப் பெருக்குமாறு கூறித் துடைப்பத்தைக் காட்டினார். புக்கர் அந்த அறையை மூன்று முறை பெருக்கினான். மரச் சாமான்கள் அனைத்தையும் நான்கு முறை துடைத்தான். இருக்கைகளை நகர்த்தி, மூலை முடுக்குகளையும் விட்டுவைக்கவில்லை. அம்மையார் வந்து தம் கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். ஒரு துளி அழுக்கும் ஒட்டவில்லை. இடம் கிடைத்தது.

திருவதிகைத் திருக்கோயிலில் நாள்தோறும் அலகிட்டு மெழுகிய திலகவதியாரையும், உழவாரப் படையைக் கையிலேந்திய நாவுக்கரசர் பெருமானையும் வணங்கும் நமக்கு, துடைப்பம் தாழ்ந்த பொருள் அன்று என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எந்தப் பணியையும் முழுமனத்தோடு செய்பவனுக்கு அப்பணியே வாயிலாகிறது.

ஹாம்ப்டனில் உணவுக்கும் தங்குவதற்கும் மாதம் 10 டாலர். ஒரு பகுதியைப் பணமாகவும் மறுபகுதியை வேலையாகவும் செலுத்தலாம். மேக்கி அம்மையார் அவனுக்குக் கட்டடக் காவல் பணியாளன் வேலையை அளித்தார். பல அறைகளைப் பெருக்கி, குளிர்காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கணப்புகளை மூட்ட வேண்டும். அதற்கிடையே பாடமும் படிக்க வேண்டும். மாற்று விரிப்பும், பல் துலக்கும் தூரிகையும், அன்றாடக் குளியலும் அங்கேதான் அவனுக்கு அறிமுகமாயின. கட்டிலில் இரண்டு விரிப்புகளைக் கண்டு, முதல் நாள் இரண்டுக்கும் அடியிலும், இரண்டாம் நாள் இரண்டுக்கும் மேலும் படுத்தான். பிறகுதான் மற்ற மாணவர்களைப் பார்த்து முறையைக் கற்றான்.

உழைப்பு உணவுக்குப் போதியது. கல்விக் கட்டணத்துக்குப் போதவில்லை. அது ஆண்டுக்கு 70 டாலர். தளபதி ஆம்ஸ்ட்ராங் கேட்டுக்கொண்டதன் பேரில், நியூ பெட்ஃபோர்டு நகரைச் சேர்ந்த கிரிஃபிட்ஸ் மோர்கன் என்னும் கனவான் புக்கர் அங்குப் பயின்ற காலம் முழுதும் அத்தொகையைச் செலுத்தினார். முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காக, முகம் தெரியாத ஒருவர்.

பதினாறு டாலர்

முதல் ஆண்டு முடிந்தபோது நிலையத்துக்கு அவன் தர வேண்டிய பாக்கி 16 டாலர். விடுமுறையில் ஊருக்குச் செல்லவும் பணமில்லை. ஓர் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கிடைத்த கூலி வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. ஒருநாள் மேசையின் அடியில் புத்தம் புதிய 10 டாலர் நோட்டு ஒன்று கிடந்தது. பாக்கியில் பெரும்பகுதியை அடைக்கக்கூடிய தொகை! ஆயினும் இடம் உரிமையாளருடையது என்பதால் அவரிடம் காட்டினான். அவரும் மகிழ்ந்து, அது தம் இடத்தில் கிடந்தது என்று கூறி முழுவதையும் தாமே வைத்துக்கொண்டார். சோர்வு இருந்தது, ஆனால் அதை எண்ணி அவன் துவண்டுவிடவில்லை.

விடுமுறை முடிந்ததும் நிலையத்தின் பொருளாளரான தளபதி மார்ஷலிடம் நேரே சென்று தன் நிலையை ஒளிக்காமல் கூறினான். அவர் அவனை மறுபடியும் சேர்த்துக்கொண்டார். இயலும்போது பாக்கியைத் தருவான் என்று தாம் நம்புவதாகவும் கூறினார். ஈடு இல்லை, பிணை இல்லை, இளைஞனின் சொல் ஒன்றே பத்திரம். அந்தச் சொல்லின் மதிப்பு என்ன என்பது எட்டு ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது.

தாய்க்குப் பட்ட கடன்

அதற்கு முன் வேறொரு கணக்கு முடிவுற்றது. 1874-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவன் ஊருக்கு வந்திருந்தான். வேலை தேடி வெளியே சென்று, வெறுங்கையோடு திரும்பும் வழியில் களைத்துப்போய், பாழடைந்த வீடொன்றில் இரவு தங்கினான். பின்னிரவு மூன்று மணியளவில் அண்ணன் ஜான் அவனைத் தேடிக் கண்டுபிடித்து, அன்னை காலமாகிவிட்டாள் என்னும் செய்தியைத் தழுதழுத்த குரலில் கூறினான். அன்னைக்கு ஒரு நல்வாழ்வு அமைத்துத் தர வேண்டும் என்பதே தன் படிப்பின் நோக்கங்களுள் ஒன்று என்று புக்கர் எண்ணியிருந்தான். அந்த நாள் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை.

பெற்றவளுக்குச் செலுத்த முடியாமற்போனதை அவன் உடன்பிறந்தோருக்குச் செலுத்தினான். ஜான் சுரங்கத்தில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியவன்; தன் படிப்பைத் துறந்து, தம்பிக்குத் தன்னால் இயன்ற சில டாலர்களை அனுப்பியவன். 1875-இல் தேர்ச்சி பெற்று மால்டனில் ஆசிரியரான புக்கர், அண்ணனுக்குத் தாமே பாடம் கற்பித்து, செலவுக்குப் பணம் சேர்த்து, அவரை ஹாம்ப்டனுக்கு அனுப்பினார். ஜான் படித்து முடித்தபின், இருவரும் சேர்ந்து வளர்ப்புத் தம்பி ஜேம்ஸையும் அங்கேயே படிக்க வைத்தனர். ஒருவர் பெற்ற படிப்பு ஒரு வீட்டையே கரையேற்றிய கதை நம் குடும்பங்கள் பலவற்றிலும் நிகழ்ந்ததுதான். அத்தகைய வீட்டில், படிக்காமல் நின்று பிறரைப் படிக்க வைத்தவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவரை மறவாமல் இருந்தது புக்கரின் சிறப்பு.

இருநூற்றைம்பது டாலர்

1881-இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் சிற்றூரில் பள்ளி தொடங்க ஓர் ஆள் வேண்டும் என்று ஆம்ஸ்ட்ராங்குக்குக் கடிதம் வந்தது. அவர் புக்கரின் பெயரை எழுதி அனுப்பினார். அங்குச் சென்று பார்த்தால், பள்ளி இல்லை, நிலம் இல்லை. ஆசிரியர் ஊதியத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 2,000 டாலர் அரசு ஒதுக்கியிருந்தது. 1881 ஜூலை 4-ஆம் நாள், பழுதுற்ற ஒரு குடிலில் 30 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. மழை பெய்தால் மாணவன் ஒருவன் எழுந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பான்.

ஊரிலிருந்து ஒரு மைல் தொலைவில் பழைய பண்ணை ஒன்று விலைக்கு வந்தது. விலை 500 டாலர். பாதியை உடனே தந்துவிட்டு, மீதியை ஓராண்டுக்குள் தரலாம். புக்கரிடம் ஒரு டாலரும் இல்லை. துணிவை வரவழைத்துக்கொண்டு, பழைய பொருளாளர் மார்ஷலுக்கே கடிதம் எழுதி, தம் சொந்தப் பொறுப்பில் 250 டாலர் கடன் கேட்டார். பதில் சில நாட்களில் வந்தது. நிலையத்தின் பணத்தைக் கடன் தரத் தமக்கு அதிகாரமில்லை என்றும், தம் சொந்தப் பணத்திலிருந்து மகிழ்ச்சியோடு தருவதாகவும் மார்ஷல் எழுதியிருந்தார். பொதுப்பணத்தின் புனிதம் அறிந்தவர் அவர். அதே சமயம், 16 டாலர் பாக்கியோடு தம் முன் உண்மை பேசி நின்ற மாணவனையும் அவர் அறிந்திருந்தார்.

அந்தக் கடனை அடைக்க ஊரே கைகொடுத்தது. உடன் ஆசிரியையாக வந்த ஒலிவியா டேவிட்சன் அம்மையார் வீடுவீடாகச் சென்று, உணவு விழாக்கள் நடத்தி நிதி திரட்டினார். எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர், வாழ்வின் பெரும்பகுதியை அடிமையாகக் கழித்தவர், ஒருநாள் கோலூன்றித் தள்ளாடி வந்தார். உடை கந்தல், ஆனால் தூய்மையாக இருந்தது. தம்மிடம் பணம் இல்லை என்றும், சேர்த்து வைத்த ஆறு முட்டைகளைப் பிள்ளைகளின் படிப்புக்காகக் கொணர்ந்ததாகவும் கூறி அவற்றைக் கையில் வைத்தார். பிற்காலத்தில் பெருஞ்செல்வர் பலரின் கொடைகளைப் பெற்ற வாஷிங்டன், தம் நெஞ்சை அதைப்போல் தொட்ட கொடை வேறில்லை என்ற பொருளில் எழுதியுள்ளார். குசேலரின் அவலை ஏற்ற பெருமானை வணங்குவோருக்கு இதன் உட்பொருள் விளங்காமற்போகாது.

மூன்றே மாதங்களில் மார்ஷலின் 250 டாலர் அவருக்குத் திரும்பிச் சென்றது. மேலும் இரண்டு மாதங்களில் மீதித் தொகையும் அடைபட்டு, 100 ஏக்கர் நிலத்தின் பத்திரம் பள்ளியின் கைக்கு வந்தது.

எல்லாக் கணக்கும் இப்படி இனிதே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாணவர்களே செங்கல் அறுத்துச் சூளை போட்டபோது மூன்று சூளைகள் தொடர்ந்து கெட்டன. நான்காவதற்குப் பணமில்லை. வாஷிங்டன் மாண்ட்காமரி நகருக்குச் சென்று தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். சூளை நன்கு வெந்தது; ஆனால் தவணை முடியும்போது மீட்கப் பணமில்லாமல் கடிகாரம் கைவிட்டுப் போயிற்று. அதற்காகத் தாம் வருந்தவில்லை என்கிறார் அவர். அவர் தன் வரலாறு வெளியான 1901-ஆம் ஆண்டையொட்டி, அப்பள்ளி மாணவர்கள் ஒரு பருவத்தில் 12 லட்சம் செங்கற்கள் அறுத்து வந்தனர்.

தீராத கடன்

மார்ஷலிடம் வாங்கியது கடன். அது தொகையாகத் தீர்ந்தது. மோர்கன் தந்தது கொடை. அதற்குத் திருப்பிச் செலுத்தும் தவணை ஏதும் இல்லை. வாஷிங்டன் பணியில் அமர்ந்தபின் பலமுறை நேரில் சென்று அப்பெருந்தகையைக் கண்டு வந்தார். தம் நூலிலும் அவர் பெயரை நன்றியோடு பொறித்தார். ஆனால் கொடையின் உண்மையான மறுசெலுத்துகை வேறோர் இடத்தில் நிகழ்ந்தது.

1884-இல் டஸ்கீகியில் இரவுப் பள்ளி தொடங்கப்பட்டது. உணவுச் செலவில் ஒரு பகுதியைக்கூடத் தர இயலாத பிள்ளைகளுக்கு மட்டுமே அங்கு இடம். பகலில் பத்து மணி நேரம் தொழில். இரவில் இரண்டு மணி நேரம் படிப்பு. உணவுச் செலவு போக மிஞ்சும் கூலி பள்ளிக் கருவூலத்தில் அவர்கள் பெயரிலேயே சேமிக்கப்படும். பகல் பள்ளியில் சேரும்போது அது செலவுக்கு உதவும். சுமார் பன்னிரண்டு பேரோடு தொடங்கிய அந்த வகுப்பில், 1901-ஐ ஒட்டி நானூறுக்கும் மேற்பட்டோர் பயின்றனர். அரை டாலரோடு ஹாம்ப்டன் வாயிலில் நின்ற சிறுவன், தன்னைப் போன்றவர்கள் வந்து நிற்பதற்கென்றே ஒரு வாயிலை அமைத்துவிட்டான். ரிஷி கடன் தீர்க்கும் முறை இதுவன்றோ!

எல்லோரினும் மேலாக அவர் கடன்பட்டவர் ஆம்ஸ்ட்ராங். அவரைத் தம் வாழ்நாளில் கண்ட மனிதருள் தலைசிறந்தவராகவே வாஷிங்டன் போற்றினார். பக்கவாதத்தால் கைகால் இயக்கமும் பேச்சும் ஏறத்தாழ முற்றிலும் குன்றியிருந்த நிலையில், டஸ்கீகியை மீண்டும் ஒருமுறை காண வேண்டும் என்று அந்தத் தளபதி விரும்பினார். அவரைத் தூக்கி வந்தனர். தம் வாழ்வின் இறுதி ஆறு மாதங்களுள் இரண்டு மாதங்களை அவர் மாணவரின் இல்லத்திலேயே கழித்தார். அந்நிலையிலும் எளியோரின் உயர்வையே எண்ணிக்கொண்டிருந்தார். ஹாம்ப்டனுக்குத் திரும்பிய சில வாரங்களில், 1893 மே மாதம், அவர் உயிர் நீத்தார். கல்வி தந்தவர் உடல் தளர்ந்து வந்தபோது அவரைத் தாங்குவதற்கு ஒரு வீடும், அவர் கண் குளிரக் காண்பதற்கு ஒரு பள்ளியும் மாணவரிடம் ஆயத்தமாக இருந்தன. குருதட்சிணை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் ஏது?

1915-இல் வாஷிங்டன் மறைந்தபோது டஸ்கீகியில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் சுமார் 1,500 மாணவர்களும் இருந்தனர்.

இதைப் படிக்கும் முதியோர் பலருடைய பள்ளிப் பருவத்திலும் ஒரு மோர்கன் இருந்திருப்பார். தேர்வுக் கட்டணத்தைச் சொல்லாமல் கட்டிய ஆசிரியர், வாரத்தில் ஒரு நாள் இலை போட்டுச் சோறிட்ட இல்லத்தரசி, சத்திரத்துத் திண்ணையில் படிக்க இடம் தந்த மணியக்காரர் என்று அவர்கள் பல வடிவில் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இன்று இல்லை. தொகையைக் கொண்டுபோய்க் கொடுக்க முகவரியும் இல்லை. அதனால் அக்கடன் தள்ளுபடியாகிவிட்டது என்று பொருளன்று. கோயிலில் மணியடிக்கும் பிள்ளைக்கு, பூக்கட்டும் அம்மாளின் பெண்ணுக்கு, வீட்டு வேலைக்கு வருபவரின் மகனுக்கு இவ்வாண்டுக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறதா என்று ஒரு முறை விசாரித்தால், பழைய கணக்கைச் செலுத்த வேண்டிய முகவரி தெரிந்துவிடும்.